தீர்த்துக் கட்ட வந்தவன்

முதலில் உடைந்தது என் வலது மணிக்கட்டு. அதில் கம்பெனியின் தவறு எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், இடது கையால். ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்கிறேனே தவிர, யார்மீதும் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குறை சொன்னால் இன்னொரு கையெழுத்துக் கேட்பார்கள். அதற்குக் கை வேண்டுமே.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். தெருவில் எல்லோருக்கும் நான் மாஸ்டர். என் காரில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று ஓட்டுகிறவர் காலடியில், இன்னொன்று பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் என் காலடியில். எதிரே லாரி வந்தால் கற்றுக்கொள்கிறவர்கள் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணைப் பொத்திக்கொள்வார்கள். நான் மிதிப்பேன். வருடக்கணக்கில் இப்படி மிதித்து மிதித்து என் கால் என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது வெளியே யாராவது ஹாரன் அடித்தால்கூடத் தரையை அழுத்தி மிதிக்கும்.

"வீடு நின்னுடுச்சு, காலை எடுங்க," என்பாள் என் மனைவி.

அவள் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு நர்ஸ். காயத்துக்குக் கட்டுப் போடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. குடித்துவிட்டு மண்டை உடைந்து வந்து கலாட்டா செய்கிறவனை ஒரு துப்பட்டியாலேயே கட்டிலோடு சேர்த்து அமுக்கி, தையலும் போட்டு, "போய்ட்டு வாங்கண்ணே" என்று அனுப்பிவைப்பாள். அந்தக் காரை நான் கடனில் வாங்கிய மாதமே அவள் ராத்திரி வேலைக்கு மாறிக்கொண்டாள். ராத்திரி வேலைக்குத் தனிப்படி கொடுப்பார்கள். அது தவணைக்கு ஆகும்.

அன்றிலிருந்து எங்கள் குடித்தனம் வாசற்படியில்தான் நடக்கிறது. அவள் வந்து செருப்பைக் கழற்றும்போது நான் காலை வகுப்புக்குச் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பேன். நான் திரும்பும்போது அவள் பையைத் தோளில் போட்டுக்கொண்டிருப்பாள். "சோறு மூடி வச்சிருக்கேன்." "குழாய் ஒழுகுது, ஆளைக் கூப்பிட்டியா?" அவ்வளவுதான் பேச்சு. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ராத்திரிச் சாப்பாடு சாப்பிட்டு இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. எனக்கு அது பெரிய ஏக்கம். வெளியே சொன்னால் இந்த வயதில் இது என்ன என்று சிரிப்பார்கள்.

"கடனை அடைச்ச மறுநாளே பகல் வேலைக்கு மாறிடுவேன்," என்பாள் அவள். "பெரிய சிஸ்டர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். அடைச்சாச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லு, அன்னிக்கே மாத்திப் போடறேன்னிருக்காங்க."

இந்த நிலையில்தான் அவள் தம்பி வீட்டுக்கு வந்தான். நகல் எடுக்கும் கடை வைத்திருக்கிறான். எதைப் பார்த்தாலும் வாய்க்குள் கணக்குப் போடுவதால் வீட்டில் அவனுக்குக் கால்குலேட்டர் என்று பெயர்.

"மாமா, நீங்க மாசாமாசம் கட்டுறதுல பெரும்பங்கு வட்டிக்குத்தான் போகுது," என்றான். "அசல் அப்படியே கால் நீட்டிப் படுத்திருக்கு. தவணைக்கு மேல ஒரு தொகையைக் கொண்டுபோய் அசல்ல போடுங்க. அசல் குறைஞ்சா அது மேல ஏறுற வட்டியும் குறையும். கடன் சீக்கிரம் முடியும்."

"விடுவாங்களா?"

"உங்க பணம், உங்க கடன். ஆனா ஒண்ணு. அசல்ல வரவு வைங்கன்னு வாயைத் திறந்து சொல்லணும். சொல்லலேன்னா அடுத்த மாசத் தவணைன்னு வாங்கிப் போட்டுக்குவாங்க, வட்டி குறையாது."

ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளில் சேர்ந்த பணமும் அவள் கைச்சேமிப்பும் ஒரு உறையில் இருந்தன. கால்குலேட்டர் உதட்டை அசைத்தான். அதை அப்படியே அசலில் போட்டால் பதினோரு மாதத் தவணை குறையும் என்றான். பதினோரு மாதம் என்றால் பதினோரு மாத ராத்திரி. என் மனைவி உறையை என் சட்டைப்பையில் வைத்து, பட்டனையும் போட்டுவிட்டாள்.

கடன் கொடுத்த கம்பெனி அலுவலகம் மூன்று மாடிக் கண்ணாடிக் கட்டடம். உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம் மெத்தென்ற சோபாக்கள், காபி, பத்திரிகைகள். அது தவணை தவறியவர்களுக்கு. வலப்பக்கம் சாய்மானம் இல்லாத மரப் பெஞ்சு. அது ஒழுங்காகக் கட்டுகிறவர்களுக்கு. சோபாவில் ஒருவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். எட்டு மாதமாக ஒரு பைசா கட்டாதவராம். அபராத வட்டி, அதற்கு மேல் வட்டி என்று அவர் கணக்கு கொழித்துக்கொண்டிருந்தது. ஊழியர் ஒருவர் அவர் முதுகுக்குத் தலையணை வைத்தார்.

கவுன்டரில் இருந்த பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதுதான் அங்கே நான் பார்த்த கடைசிச் சிரிப்பு.

"சொல்லுங்க சார்."

நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான். "மொத்தமா முடியாதும்மா. கொஞ்சம் கொஞ்சமா தீர்த்துக் கட்டிடலாம்னு வந்தேன்," என்றேன்.

அவள் முகம் வெளுத்தது. "யாரை?"

"உங்க வட்டியத்தான்."

பின்னாலிருந்து தடி என் மணிக்கட்டில் இறங்கியது. காய்ந்த குச்சி ஒடிகிற சத்தம் கேட்டது. அடித்தவர் காவலாளி, வயதானவர், மரியாதை தெரிந்தவர்.

"தப்பா நினைக்காதீங்க சார்," என்றார். "வட்டிக்கு எதிரா யார் கை வந்தாலும் முதல் அடி என்னோடது. விதி."

"நான் கூடுதலா கட்ட வந்தவன்யா."

"அதேதான் சார். கட்டாதவங்கள அடிக்கச் சொல்லி எங்களுக்கு உத்தரவு கிடையாது."

என்னைத் தாங்கிப் பிடித்துப் பின்னறைக்கு அழைத்துப்போனார்கள். அங்கே துணிச்சுருள், பஞ்சு, மாவு எல்லாம் அடுக்கியிருந்தன. இதற்கென்றே ஒரு ஊழியர். சுவரில் பெரிய எழுத்தில், "கட்ட வந்தவரைக் கட்டாமல் அனுப்புவதில்லை" என்று எழுதியிருந்தது. மூலையில் ஒருவர் தலைமுதல் கால்வரை மாவுக்கட்டில் உட்கார்ந்திருந்தார். வேன் கடனை முன்கூட்டி முடிக்க வந்தவராம். கண்ணும் வாயும் மட்டும் தெரிந்தன.

"வலிக்குதா?" என்று கேட்டேன்.

"முதல்ல வலிச்சுது," என்றார் வேன்காரர். "இப்ப யோசிச்சுப் பார்த்தா வட்டியும் பாவந்தான் தம்பி."

கட்டுக்காரர் என் கையில் ஏனோதானோ என்று துணியைச் சுற்றினார். "இந்தக் கட்டுக்கான செலவு அசல்ல ஏறிடும்," என்றார். "அசல்ல போடணும்னு நீங்கதானே கேட்டீங்களாம்."

பணத்தை வாங்கவில்லை. உறை சட்டைப்பையிலேயே இருந்தது. வீட்டுக்கு வந்தபோது மனைவி பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யார் போட்ட கட்டு இது?"

"கம்பெனியில."

"இப்படியா போடுவாங்க? ரத்தமே ஓடாது. கை கட்டை மாதிரி ஆயிடும்." செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்து, அதை அவிழ்த்து, அட்டை வைத்து, புதிதாகக் கட்டினாள். கை எப்படி உடைந்தது என்பதை அதற்கப்புறம்தான் கேட்டாள். சொன்னேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

மறுநாள் என்னை மூன்றாம் மாடிக்கு வரச்சொல்லி போன் வந்தது. வட்டி நலப் பிரிவு. லிஃப்ட் சோபாக்காரர்களுக்கு மட்டும். படியேறிப் போனேன். அங்கே இருந்த அதிகாரி அம்மாள் சன்னமான குரலில் பேசுகிறவர். மேசைமேல் கண் துடைக்கும் தாள் பெட்டி இருந்தது. எனக்காக வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். இல்லை, அவருக்காக.

"உட்காருங்க மாஸ்டர். கடன்னா என்னன்னு நினைச்சீங்க? அது ஒரு உறவு. அஞ்சு வருஷம் எங்க கூடவே இருப்பேன்னு கையெழுத்துப் போட்டீங்க. பாதி வழியில கழட்டிவிடப் பார்க்கறீங்க. நாங்க உங்களுக்கு என்ன குறை வச்சோம்?"

"குறை ஒண்ணும் இல்லீங்க. வட்டி கொஞ்சம் மிச்சமாகுமேன்னு."

"மிச்சம்," என்று ஒரு தாளை உருவினார். "வட்டி எப்ப பிறக்குது தெரியுமா? நீங்க கையெழுத்துப் போட்ட நிமிஷம். அஞ்சு வருஷத்து வட்டியும் அன்னிக்கே பிறந்து எங்க கணக்குல கண்ணு முழிச்சு உட்கார்ந்திடுச்சு. அதுங்கள நாங்க எப்படி வளர்க்கறோம் தெரியுமா? நீங்க இந்தப் பணத்தை அசல்ல போட்டா எத்தனை மாச வட்டி சாகும்?"

"பதினோரு மாசம்."

"வாய் கூசாம சொல்றீங்க." அவருக்கு உண்மையாகவே கண் கலங்கிவிட்டது. "உங்க மூணாவது வருஷத்து வட்டியில இந்த அறைக்கு ஏசி போட்டிருக்கோம். நாலாவது வருஷத்துல எனக்குச் சம்பள உயர்வு. அஞ்சாவது வருஷத்த நம்பி நம்ம தலைவர் வெளிநாட்டுல ஒரு வீட்டுக்கு முன்பணம் குடுத்துட்டாரு. அந்த மனுஷன் இப்ப எங்க போவாரு? நீங்க ஒருத்தர் சுகமா இருக்கணும்னு எத்தனை பேர் வயித்துல அடிக்கறீங்க?"

நான் யார் வயிற்றிலும் அடித்ததில்லை. அடிபட்ட கை என்னுடையது. அதைத் தூக்கிக் காட்டினேன். அவர் பார்க்கவில்லை.

"என் மனைவி ராத்திரி வேலை பாக்கறாங்க மேடம். கடன் சீக்கிரம் முடிஞ்சா வீட்டுல இருப்பாங்க. அதுக்குத்தான்."

"அப்ப அவங்க ராத்திரிப்படியும் போயிடும்," என்று பதறினார். "அதையும் கணக்குல வச்சுத்தானே உங்களுக்குக் கடனே குடுத்தோம். குடும்பம் நடத்தறதுக்கு ஒரு கடன்காரருக்கு எங்க நேரம் இருக்கும்னு யோசிச்சீங்களா?"

வந்த கோபத்தில், "அதெல்லாம் எனக்குத் தெரியாது, நான் கட்டியே தீருவேன்," என்றேன். மூன்று வார்த்தையில் மறுபடியும் கட்டு, தீரு இரண்டையும் சொல்லிவிட்டேன். அவர் மணியை அழுத்தினார்.

சம்மட்டியோடு ஒரு கொத்தனார் வந்தார். கம்பெனியின் நிரந்தர ஊழியராம்.

"மாஸ்டரோட படியை எடுத்துடுங்க," என்றார் அம்மாள்.

"எந்தப் படி?"

"மாடிப்படியில ஒண்ணு உங்க வட்டியில கட்டினது."

"என் வட்டி இன்னும் வரவே இல்லையே."

"வரும்னு நம்பிக் கட்டினோம். நம்பிக்கை போச்சு, படியும் போகட்டும்."

கீழே சம்மட்டிச் சத்தம் கேட்டது. கட்டடம் அதிர்ந்தது. ஒருவழியாகச் சத்தம் நின்ற பிறகு, போகலாம் என்றார்கள். எந்தப் படி என்று சொல்ல வேண்டாமா? கேட்டதற்கு, அது வாடிக்கையாளர்களின் அந்தரங்கம், வெளியிடுவதில்லை என்றார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகத் தடவித் தடவி இறங்கினேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் வெளியே ரோட்டில் எவனோ ஹாரன் அடித்தான். சனியன் பிடித்த கால், பிரேக்கை மிதித்தது. அங்கேதான் படி இல்லை.

நான் விழுந்த வேகத்தில் கீழே நின்ற கொத்தனார் மேல் மோதி, அவர் காவலாளி மேல் விழுந்து, காவலாளி கண்ணாடிக் கதவோடு வெளியே போனார். எனக்குக் கணுக்கால் திரும்பிப் பின்னால் பார்த்தது. கொத்தனாருக்கு இரண்டு பல் போயிற்று. நெற்றியில் கண்ணாடி குத்தி ரத்தம் வழிய எழுந்து வந்த காவலாளி, முதல் அடி விதிப்படி தடியால் என்னை ஒரு தட்டுத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். பின்னறையில் மூன்று பேரும் வரிசையில் காத்திருந்து கட்டுப் போட்டுக்கொண்டோம். மூன்று கட்டும் என் அசலில் ஏறின. கதவும் ஏறியது. வேன்காரர் மூலையிலிருந்து, "நான் வந்தப்ப கதவு மரக்கதவு," என்றார்.

"மொத்தம் எவ்வளவு கூடியிருக்கு?" என்று கட்டுக்காரரைக் கேட்டேன்.

"நாலு மாசத் தவணை வரும்."

அன்று சாயங்காலம் என் மனைவி எனக்காகக் காத்திருந்தாள். கால்குலேட்டர்தான் என்னைத் தூக்கிக்கொண்டு வந்தான். கட்டை அவிழ்த்துப் பார்த்து அவள் தலையில் அடித்துக்கொண்டாள். கணுக்காலை ஒரு இழு இழுத்து இடத்தில் உட்காரவைத்தாள். நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் ஓடிப்போனது.

"போதுங்க. விட்டுடலாம்," என்றாள். "அஞ்சு வருஷம்தானே. ஓடிடும்."

"நாலு மாசம் கூடிடுச்சு," என்றேன்.

"என்னது?"

"கட்டுப் போட்ட செலவு. நாலு மாசம் ராத்திரி வேலை கூடுதலா பாக்கணும்."

அவள் துணிச்சுருளால் கணுக்காலைக் கட்டி முடிச்சை இறுக்கினாள். இவ்வளவு அசிங்கமான கட்டுக்கு நாலு மாதமா என்று கேட்டாள். பிறகு, "நாளைக்கு நானும் வரேன்," என்றாள்.

மறுநாள் ராத்திரி வேலை முடித்து, தூங்காத கண்ணோடு, அதே பையோடு வந்தாள். அலுவலகத்தில் எங்களைக் கூடத்துக்கு அழைத்துப்போனார்கள். கருப்புத் துணி கட்டியிருந்தது. நான் விடாப்பிடியாக இருப்பதால், என் கோரிக்கையைக் கடைசிக் கட்டமாகப் பொதுக்கூட்டத்தில் வைத்திருக்கிறார்களாம். சாகப்போகிற பதினோரு மாத வட்டிக்கு இரங்கல் கூட்டம். ஊழியர்கள் எல்லோரும் தலை குனிந்து நின்றார்கள். தலையணை வைத்திருந்த சோபாக்காரர்கூட எழுந்து நின்றார்.

மண்டல மேலாளர் பேசினார். நல்ல உயரம், நல்ல குரல், எங்கே நிறுத்தினால் கைதட்டுவார்கள் என்று தெரிந்த ஆள்.

"நண்பர்களே, ஏழைக்குக் கடன் குடுக்கறோம்னு ஊரே நம்மைப் பாராட்டுது. அது சரியில்லை. ஏழையா இருக்கறவனை ஏழையாவே வச்சுப் பாதுகாக்கறதுதான் நம்ம சேவை. அவன் முன்கூட்டிக் கட்டினா என்ன ஆகும்? நிம்மதியாயிடுவான். நிம்மதியான மனுஷன் திரும்ப நம்ம வாசல்ல வந்து நிப்பானா? இன்னிக்கு இவர் பதினோரு மாசம். நாளைக்கு ஊரே கணக்குப் போட ஆரம்பிச்சா நம்ம பிள்ளைங்க என்ன வேலைக்குப் போகும்? நமக்கு வேற என்ன தெரியும்?" குரல் தழுதழுத்தது. "வழக்கப்படி எல்லாரும் வரிசையா வந்து, வட்டியைக் கொல்ல வந்தவருக்கு ஆளுக்கு ஒரு அடி குடுத்துட்டுப் போங்க. நம்ம அடியில கோபம் இருக்காது. கொள்கைதான் இருக்கும்."

வரிசை நின்றது. நான் தாங்குகட்டையில் சாய்ந்து நின்றேன். வரிசையில் முதலில் கட்டுக்காரர். இவர் அடித்துவிட்டு இவரே கட்டுப் போட வேண்டும், அடித்து முடித்தால் சீக்கிரம் வேலையைத் தொடங்கலாம் என்று முன்னுரிமை கொடுத்திருந்தார்கள்.

என் மனைவி அவர் கையைப் பிடித்தாள்.

"இவருக்குக் கட்டுப் போட்டது நீங்களா?"

"ஆமாம்மா."

"எங்க படிச்சீங்க?"

"இங்கேயேதான்."

"கணுக்கால் திரும்பியிருக்கு, அதுக்கு மேலேயே துணியைச் சுத்தியிருக்கீங்க. நாலு நாள் போயிருந்தா காலையே எடுத்திருக்கணும். அவர் பிரேக் போடற கால் அது." அவள் குரல் உயரவே இல்லை. "கட்டுன்னா எப்படின்னு சொல்லித்தரேன், பாருங்க."

பையிலிருந்து துணிச்சுருளை எடுத்தாள். கட்டுக்காரரின் இரண்டு கையும் முதுகுப்பக்கம் போனதைத்தான் நான் பார்த்தேன். அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். காவலாளி தடியை ஓங்கிக்கொண்டு வந்தார். அவள் அந்தக் கையைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்பினாள். தோள் இடத்தைவிட்டு இறங்கியது. பெரியவர் அலறிக்கொண்டு உட்கார்ந்தார். சம்மட்டியோடு கொத்தனார் வந்தார். நான் தாங்குகட்டையை நீட்டினேன். மிச்சமிருந்த பற்களில் ஒன்று போனது. எனக்கு வருத்தம்தான், ஆனால் பொய் சொல்லக் கூடாது, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

மண்டல மேலாளர் மேடையிலிருந்து இறங்கி ஓடப் பார்த்தார். அவசரப் பிரிவில் ஓடுகிறவர்களைப் பார்த்துப் பழகினவள் அவள். கருப்புத் துணியையே உருவி, அவரை நாற்காலியோடு மார்பில் ஒரு சுற்று, இடுப்பில் ஒரு சுற்று, முழங்காலில் ஒரு சுற்று என்று கட்டி முடித்தாள். முடிச்சு பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. கீழே கிடந்த கட்டுக்காரர்கூட வலியோடு எட்டிப் பார்த்தார்.

"எங்களைக் கட்ட விடல," என்றாள் மேலாளரிடம். "அதான் நான் கட்டிட்டேன். இப்ப பணத்தை வாங்கிக்கறீங்களா?"

"அம்மா, முடிச்சைக் கொஞ்சம் தளர்த்துங்க. மூச்சு முட்டுது."

"வாங்கிக்கறீங்களான்னு கேட்டேன்." ஒரு சுற்று இறுக்கினாள்.

"வாங்கிக்கறேன், வாங்கிக்கறேன். எனக்குத் தெரியாதா இதெல்லாம்? என் சொந்தக் கார் கடனை நான் மூணே மாசத்துல அடைச்சேம்மா. வேற கம்பெனியில. புத்தியுள்ளவன் எவனாவது அஞ்சு வருஷம் உட்கார்ந்து வட்டி கட்டுவானா?"

ஊழியர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் பாதிப்பேர் அந்தக் கம்பெனியிலேயே கார் கடன் வாங்கியவர்கள், சம்பளத்தில் பிடித்தம். வரிசை ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தது. ஆளுக்கு ஒரு அடி என்ற உத்தரவும் இருந்தது. வட்டியைக் கொன்றவர் யார் என்பதில் ஒரு சின்ன மாற்றம், அவ்வளவுதான். வட்டி நல அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலில் போனார். கன்னத்தில் விழுந்த சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டிருக்கும். அடுத்தவர் மூக்கில். அதற்கடுத்தவர் செருப்பைக் கழற்றினார். யாரும் வரிசை தவறவில்லை, தள்ளவில்லை, அடித்துவிட்டு மறுபடியும் கடைசியில் போய் நின்றுகொண்டார்கள். எனக்கு வரிசையில் நிற்க இடம் கொடுத்தார்கள், நன்றி என்று சொல்லி மறுத்துவிட்டேன். வேன்காரர் மாவுக்கட்டோடு உருண்டு வந்து, "எனக்கு ஒண்ணு, என்னையும் நிமிர்த்துங்க," என்றார். நாலு பேர் அவரைத் தூக்கி, அவரையே ஒரு உருட்டுக்கட்டை மாதிரி மேலாளர்மேல் போட்டார்கள்.

இந்தச் சத்தத்துக்கு நடுவில் என் மனைவி கவுன்டர் பெண்ணிடம் போய் உறையை வைத்தாள். "அசல்ல வரவு வைம்மா. அடுத்த மாசத் தவணைல இல்ல. கட்டுச் செலவு, கதவுச் செலவு எல்லாத்தையும் எடுத்துடு."

"எடுக்க மேலாளர் விரல் ரேகை வேணுங்க."

நாற்காலியோடு இழுத்து வந்தோம். வீங்கிய விரல் ரேகை எடுபடவில்லை. வேறு விரலைத் தேட வேண்டியிருந்தது. மூன்றாவது விரலில் எடுபட்டது. அசலில் வரவு, பதினோரு மாதம் குறைவு என்று ரசீது வந்தது. அதைக் கையில் வாங்கிய பிறகுதான் அவள் காவலாளி பக்கம் போய், தோளைப் பிடித்து ஒரே அமுக்கில் பழைய இடத்தில் மாட்டிவிட்டாள்.

"ரெண்டு நாளைக்குக் கனமா எதையும் தூக்காதீங்க பெரியவரே," என்றாள். "தடியைக்கூட."

போலீஸ் வந்து எங்களை மட்டும் அழைத்துப்போனது. மற்றவர்கள் ஊழியர்கள், அலுவல் நேரத்தில் விதிப்படி அடித்தவர்கள். அந்த ஸ்டேஷனில் பெண்களுக்கான அறையில், கம்பெனி பறிமுதல் செய்த வண்டிகளின் டயர்களைக் கூரைவரை அடுக்கி வைத்திருந்தார்கள். அதனால் எங்கள் இருவரையும் ஒரே அறையில் போட்டுப் பூட்டினார்கள். பக்கத்தில் சைக்கிள் திருடின ஒருவன் சுருண்டு படுத்திருந்தான்.

"உங்கள எதுக்குண்ணே அடைச்சாங்க?" என்றான்.

"கடன் அடைச்சதுக்கு."

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

பொழுது சாய்ந்தது. அவள் வேலைக்குக் கிளம்பும் நேரம். போலீஸ்காரரிடம் கெஞ்சி ஒரு போன் வாங்கிப் பெரிய சிஸ்டரைக் கூப்பிட்டாள். அந்தப் பக்கம் அவசரப் பிரிவுச் சத்தம் எனக்கே கேட்டது.

"சிஸ்டர், இன்னிக்கு ராத்திரி வர முடியாது. அடைச்சாச்சு சிஸ்டர்."

"அடைச்சாச்சா?" அந்தப் பக்கம் பெரிய குரல். "அடிப்பாவி, சொல்லவே இல்லையே. ரொம்ப சந்தோஷம்டி. நான் வாக்கு மாற மாட்டேன். உன் இடத்துக்கு வேற ஆளைப் போட்டுட்டேன்னு வச்சுக்கோ. இனிமே நீ பகல் டியூட்டி. புருஷனைக் கேட்டதாச் சொல்லு." போன் வைக்கப்பட்டது.

அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

"திரும்பக் கூப்பிட்டு விவரமா சொல்லட்டுமா?" என்றாள்.

"அவங்க கேட்டதுக்கு நீ சரியாத்தானே பதில் சொன்ன?"

"ராத்திரிப்படி போச்சுங்க. மிச்சத் தவணைய எப்படிக் கட்டறது?"

"கட்டலேன்னா சோபால உட்கார வச்சுக் காபி குடுப்பாங்க. முதுகுக்குத் தலையணையும் உண்டு."

அப்போது அவள் சிரித்தாள். போலீஸ்காரர் தட்டில் இரண்டு பன்னும் டீயும் கொண்டுவந்து வைத்தார். எதிரெதிரே உட்கார்ந்தோம். என் வலது கை கட்டில் இருந்ததால் அவள் பன்னைப் பிய்த்துப் பிய்த்து டீயில் நனைத்து ஊட்டினாள். பன் காய்ந்துபோயிருந்தது. டீயில் சர்க்கரை இல்லை. ராத்திரிச் சாப்பாடு என்றால் அதுதான் ராத்திரிச் சாப்பாடு. இரண்டு நாளாகத் தூங்காதவள், பேச்சின் நடுவில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். குழாயைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது. வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. கால்குலேட்டர் ஜாமீனுக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு என் காரிலேயே வந்துவிட்டான். பூட்டைத் திறக்கப் போலீஸ்காரர் சாவியோடு எழுந்து நடந்து வந்தார். கட்டுப் போட்ட என் கால் தரையில் ஊன்றி, உயிர் போகிற வலியோடு, பிரேக்கை மிதித்தது. நான் காலை எடுக்கவில்லை.